ஒரு முழப் போர்வை

பேருந்து சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள், யாரோ சீட்டாடுகிற பெண்மணி போலிருக்கிறது என்று நினைத்து முதல் வாரம் எட்ட நின்றே பேசுவார்கள். அப்புறம் அவள் ரெக்ஸினையும் பஞ்சையும் சேர்த்து மிஷினுக்குள் தள்ளி, மூச்சு விடுவதற்குள் ஒரு முழு உறையைப் புரட்டிப் போடுவதைப் பார்த்துத் தெளிவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்ப்பேறி, ஊசி குத்தினால்கூட உறைக்காத கை அவளுக்கு.

அந்தக் கை வீட்டுக்கு வந்தால் துண்டுத்துணிப் போர்வை தைக்கும். பழைய சட்டை, பழைய திரைச்சீலை, தலையணை உறை, எது கிடைத்தாலும் சதுரமாக வெட்டி ஒன்றோடு ஒன்று சேர்ப்பாள். அடியில் கனத்த துணி கொடுத்து மேலே நேர்நேராகத் தையல் ஓட்டுவாள். சதுரம் ஒவ்வொன்றும் ஒரு சாண். அதைவிடச் சிறிதாக அவள் கத்தரி வெட்டாது. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அவள் தைத்த போர்வை இருந்தது. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, சாயங்காலம் என்ற ஒன்றை அவள் கடந்ததே அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டுதான்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர் இருந்தார். அவரும் போர்வை தைப்பவர்தான், ஆனால் ரகமே வேறு. காகிதத்தில் கோடு போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எண் எழுதி, அந்தக் காகிதத்தோடு சேர்த்தே துணியைத் தைத்து, எல்லாம் முடிந்த பிறகு பின்னாலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுவார். விரல்நகம் அளவு முக்கோணம்கூடக் கூர் மழுங்காமல் நிற்கும். ‘பேப்பர் பீசிங்’ என்பார். ஒரு தடவை செய்துதான் பாருங்களேன் என்று சீட்டக்காவைப் பல தடவை கூப்பிட்டிருக்கிறார்.

“கிழிக்கப் போறதை எதுக்கு டீச்சர் தைக்கணும்? வேலை இல்லாத மாமியார் கோணியைப் பிரிச்சு மறுபடி தைச்சாளாம்” என்று சிரித்துவிட்டுப் போவாள் சீட்டக்கா.

ஒரே மகள். அவளுக்கு ஏழாவது மாதம் தொடங்கியிருந்தது. குழந்தைக்கென்று மஞ்சளும் வெள்ளையுமாகச் சாண் சதுரத்தில் ஒரு போர்வை முன்கூட்டியே தயாராகி அலமாரியில் ஏறிவிட்டது. மருமகன் வெல்டர். அவன் பங்குக்கு மெல்லிய இரும்புக் குழாயில் ஒரு தொட்டில் கட்டில் செய்து, கூர் எதுவும் தட்டுப்படாதபடி தேய்த்துத் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான்.

வழக்கமான பரிசோதனைக்குப் போன நாளில் ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றின் மேல் கருவியை வைத்தாள், நகர்த்தினாள், மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். அவள் பேச்சை நிறுத்தியதுமே சீட்டக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தார். துடிப்பு இல்லை என்றார். எப்போது நின்றது, ஏன் நின்றது என்றெல்லாம் இப்போது சொல்ல முடியாது என்றார். நாளை மறுநாள் காலையில் வந்து சேர்ந்தால் மருந்து கொடுத்து வலி வரவழைப்பார்கள். அதுவரை வீட்டுக்குப் போகலாம்.

“வீட்டுக்கா?” என்றாள் மகள். “இப்படியேவா?”

டாக்டர் தலையசைத்தார். மருமகன் சுவரில் ஒட்டியிருந்த எதையோ படித்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது தலைமை நர்ஸ் சீட்டக்காவை மட்டும் கதவோரம் நிறுத்தினார். “குழந்தையைப் பாக்கறதா வேணாமான்னு உங்க பொண்ணே முடிவு பண்ணட்டும். பாக்கறதா இருந்தா மெல்லிசா ஒரு துணி கொண்டு வாங்க, சுத்திக் குடுக்கறதுக்கு. இங்க இருக்கறதெல்லாம் பெரிய பெரிய துண்டு.” அளவு எவ்வளவு என்று கேட்க சீட்டக்காவுக்கு வாய் வரவில்லை. நர்ஸே தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தடவிக் காட்டினார். “இதுக்கும் கொஞ்சம் கம்மிதான் இருக்கும்.”

மகளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். மகள் உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், யாரும் தொட வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள்.

“அந்தப் போர்வை பெருசு இல்லம்மா?”

“ஆமா கண்ணு.”

“அதுல சுத்தினா தேடித்தான் எடுக்கணும்.” சற்று நிறுத்தினாள். “சின்னதா ஒண்ணு தை. உன் சதுரம் வேணாம். ரெண்டு சதுரத்துல அது முடிஞ்சு போயிடும். சின்னச் சின்னத் துண்டா, நிறைய. அதுக்குன்னே ஒருத்தி உக்காந்து தைச்ச மாதிரி இருக்கணும்.”

வாசல்படியில் உட்கார்ந்திருந்த மருமகன் எழுந்து வந்தான். “பாக்கப் போறியா?”

“தெரியல.”

“வேணாம். பாத்தா அப்புறம் அதுதான் கண்ணுல நிக்கும். அத்தை, நீங்க சொல்லுங்க அவகிட்ட.”

சீட்டக்கா சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, யாரிடமும் வாய் திறக்காத ஒரு விஷயத்தைச் சொன்னாள். இந்த மகளுக்கு முன்னால் அவளுக்கு ஒன்று பிறந்தது. உயிரில்லாமல்தான். கண் விழித்துக் கேட்டபோது, அடக்கம் எல்லாம் ஆயிற்று, பார்க்காமலிருந்தால் சீக்கிரம் மறந்துவிடும் என்றார்கள். ஆணா பெண்ணா என்று கணவனைக் கேட்டாள். கேட்காதே என்றான். ஒரு வருடம் கழித்துக் கேட்டாள். பத்து வருடம் கழித்துக் கேட்டாள். அவன் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, இனி கேட்க நாள் இல்லை என்று தெரிந்து, காதருகே குனிந்து மறுபடி கேட்டாள். ஞாபகம் இல்லை என்றான்.

“பொய்யா நிஜமான்னுகூடத் தெரியல மாப்பிள்ளை. அதோட போயிட்டார்.”

மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டே, “அது உங்க கதை அத்தை. இவளை இதுல இழுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். நேராகத் தன் வெல்டிங் பட்டறைக்குப் போய், அந்த வெள்ளைத் தொட்டில் கட்டிலைக் கட்டரில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்போடு போட்டான் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மகள் துணிப் பெட்டியைக் கட்டிலுக்கே இழுத்து வரச் சொன்னாள். இளஞ்சிவப்பும் வேண்டாம் நீலமும் வேண்டாம் என்று ஒதுக்கி, வெளிர்சாம்பலில் ஒன்று, பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒன்று, தன்னுடைய வெளுத்துப்போன பச்சைச் சட்டை ஒன்று, ஆக மூன்றை எடுத்துக் கொடுத்தாள். மூன்றும் துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் மாதிரி ஆனவை.

சீட்டக்கா தன் வழியில்தான் ஆரம்பித்தாள். இரண்டு விரல் அகலத்துக்குச் சதுரமும் முக்கோணமும் வெட்டினாள். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் தொட்டாலே இழுத்துக்கொண்டது. உள்மடிப்புக்கு விட்டதுபோக மிஞ்சியது பொட்டளவு. நான்கைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மூலை மேலே ஏறி, இன்னொரு மூலை தையலுக்குள் விழுந்து, கசக்கிப் போட்ட கைக்குட்டை மாதிரி இருந்தது. பிரித்துத் தைத்தாள். இன்னும் கேவலமாக வந்தது. ரெக்ஸினைப் பணிய வைத்த கைக்கு இந்த நூலாம்படைத் துணி பணியவில்லை.

எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். டீச்சருக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்ற பார்வையும் இல்லை. உள்ளே போய், சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று உள்ளங்கை அளவில் கோடு போட்ட காகிதங்களை எடுத்து வந்தார். மிஷினருகே உட்கார்ந்து ஒன்றைத் தைத்தும் காட்டினார்.

“எண் இருக்கற பக்கம் உங்களைப் பாக்கணும். துணி எல்லாம் பின்பக்கம். முதல் துண்டு நடுக்கட்டத்தை மூடணும், நல்ல பக்கம் வெளியில. ரெண்டாவது துண்டை அதுமேலயே கவுத்து வைங்க, நல்ல பக்கத்தோட நல்ல பக்கம். இப்ப காகிதத்தைத் திருப்பிக் கோட்டுமேலயே தையுங்க. பிசிறை வெட்டிட்டு, துண்டை விரிச்சு விரலால அழுத்துங்க. அடுத்த எண். அவ்வளவுதான். தையல் மட்டும் பொடிசா இருக்கட்டும்.”

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவள் கடைசி வார்த்தையை மட்டும் காதில் வாங்கவில்லை.

முப்பது வருடமாகத் துணியைக் கண்ணால் பார்த்துத் தைத்தவளுக்கு, துணியைக் கண்ணுக்கு மறைத்துவிட்டுக் காகிதத்தைத் தைப்பது, புறமுதுகில் கைவிட்டுச் சட்டைப் பொத்தான் போடுவது போலிருந்தது. முதல் காகிதத்தில் மூன்றாவது துண்டு கோணலாக விழுந்து, விரித்தபோது கட்டத்தை மூடவில்லை, ஓரத்தில் காகிதம் பல்லைக் காட்டியது. இரண்டாவதில் துணியின் கெட்ட பக்கம் மேலே வந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு துண்டையும் வைத்ததும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்தில் கோடும் தெரிந்தது, பின்னால் துணியின் நிழலும் தெரிந்தது. நிழல் கோட்டைத் தாண்டி நின்றால் சரி. மூன்றாவது காகிதம் நேராக வந்தது. நான்காவதும் வந்தது. மூலைகள் நான்கும் கத்தி மாதிரி நின்றன. தன் கையில் இப்படி ஒன்று வருமென்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு நொடி அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. எதற்காகத் தைக்கிறோம் என்று உடனே நினைவு வந்து, முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

திரும்பி வந்த மருமகன் உள்ளே எட்டிப் பார்த்தான். “இந்த நேரத்துல மிஷின் சத்தம் வேணுமா அத்தை?”

அறையிலிருந்து மகள் பதில் சொன்னாள். “ஓடட்டும் விடுங்க. நிக்கும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

எப்படி வருகிறது பார்ப்போமென்று முடிந்த ஒன்றில் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தாள் சீட்டக்கா. காகிதம் வரவில்லை. இழுத்தாள். காகிதத்தோடு தையலும் சேர்ந்து வந்தது. நடுச் சதுரம் வாயைப் பிளந்துகொண்டது. பட்டறையில் போடுகிற நீளத் தையலை அப்படியே போட்டிருந்தாள், காகிதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஓட்டை விழுந்திருந்தது. பொடித் தையல் என்று டீச்சர் சொன்னது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஊசி நெருக்கமாகக் குத்தினால்தான் காகிதம் தானாக விட்டுக்கொடுக்கும். தைத்ததையெல்லாம் ஓரமாக வைத்தாள். மிஷினில் தையல் நீளத்துக்கான திருகைக் கடைசி வரை குறைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையும் அதிலேயே போயிற்று. ஒன்பது சதுரங்கள் முடிந்து, மூன்று மூன்றாக இணைத்து, சுற்றிலும் சாம்பல் துணியில் ஒரு கரை கொடுத்தாள். ஒரு முழத்துக்கு ஒரு முழம். பின்னால் காகிதம் இருந்ததால் அட்டை மாதிரி விறைத்து நின்றது. அதைத் தட்டி நீவும்போது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள்.

“அம்மா, மருந்தெல்லாம் வேணாம்போல இருக்கு. தானாவே வருது.”

காகிதத்தோடேயே அதைப் பைக்குள் போட்டாள். அடிக்கு வைக்கும் மெல்லிய வெள்ளைத் துணி, நூல், ஊசி, சின்னக் கத்தரி எல்லாவற்றையும் கைக்கு வந்தபடி திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

பிரசவப் பகுதியில் மகளை உள்ளே கொண்டுபோனார்கள். ஒருத்தர் கூட இருக்கலாம் என்றார்கள். நர்ஸே போதும் என்றாள் மகள். வெளியே வராந்தாவில் நீளமான இரும்பு பெஞ்சு. ஒரு கோடியில் மருமகன், இன்னொரு கோடியில் சீட்டக்கா. ஏதோ ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை வந்துகொண்டேயிருந்தது. சீட்டக்கா போர்வையை மடியில் கவிழ்த்துப் போட்டு, ஒரு மூலையிலிருந்து காகிதத்தைக் கிழிக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை சொன்னபடி கேட்டது. தையலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் கோட்டோடு கோடாக வந்தது. ஆனால் துண்டுகள் பொடிப்பொடியானவை. காய்ப்பேறிய விரலுக்குச் சிலது பிடிபடவேயில்லை.

துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பெண் நின்றாள். “இப்பதாம்மா பெருக்கிட்டுப் போனேன்.”

“நானே அள்ளிடறேம்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. “பேரப்பிள்ளைக்கா? ரொம்ப அழகா இருக்கு. பாருங்க, எவ்வளவு பொறுமை.”

“ஆமா. பேரப்பிள்ளைக்குத்தான்.”

“நல்லபடியா பொறக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, குப்பைக் கூடையை அவள் காலடியில் நகர்த்தி வைத்துப் போனாள்.

சீட்டக்கா குனிந்த தலை நிமிரவில்லை. விரல் காகிதத்திலேயே நின்றுவிட்டது. பெஞ்சு அசைந்தது. மருமகன் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையின் மறு ஓரத்தை எடுத்துத் தன் முழங்கால்மேல் விரித்துக்கொண்டான்.

“எப்படி அத்தை?”

“தையலை அழுத்திப் பிடிங்க. காகிதத்தை மட்டும் உங்க பக்கம் இழுங்க. அவசரப்படாதீங்க.”

தீப்பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த விரல்கள். ஆனாலும் நுனியளவு இரும்பைப் பிடித்துப் பழகியவை. அவளுக்குப் பிடிபடாத மூலைத் துண்டுகளை அவன் நகத்தால் நெம்பி எடுத்தான். ஒவ்வொரு துண்டாகப் போகப் போக, விறைத்து நின்ற போர்வை மெல்லத் தொய்ந்து இருவர் மடியிலும் படிந்தது. கடைசித் துண்டை அவன்தான் எடுத்தான். எடுத்ததும் எழுந்துபோய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றான். தோள் குலுங்கியது. அவள் பார்க்காததுபோல அடித்துணியை வைத்துக் கையால் ஓரம் அடிக்கத் தொடங்கினாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் நர்ஸ் வந்தார். “முடிஞ்சுது. தாய் நல்லா இருக்காங்க.” இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லும் அடுத்த வார்த்தை அவர் நாக்கு வரை வந்து நின்றது தெரிந்தது. “பெண் குழந்தை” என்றார். “பாக்கணும்னு சொல்றாங்க. துணி இருக்கா?”

சீட்டக்கா எழுந்தாள். “வாங்க மாப்பிள்ளை.”

“என்னால முடியாது அத்தை. நீங்க போங்க.”

அவள் வற்புறுத்தவில்லை.

உள்ளே எஃகு மேசையில் வைத்து நர்ஸ் சுற்றினார். ஒரு மூலையைத் தலைக்குமேல் முக்காடாக மடித்து, இரண்டு பக்கமும் கொண்டுவந்து நெஞ்சில் சேர்த்தார். அளவு சரியாக இருந்தது. தோல் அங்கங்கே உரிந்திருக்கும், உதடு கறுத்திருக்கும், பயப்படாதீர்கள் என்று முன்னாலேயே சொன்னார். சொன்னபடிதான் இருந்தது. அழகாக இருந்தது என்று பிறகு யார் கேட்டபோதும் சீட்டக்கா சொன்னதில்லை. மகள் கையில் வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் கை ஒரு கனத்தை எதிர்பார்த்துத் தாழ்ந்தது. அவ்வளவு கனம் இல்லாததால் அப்படியே திகைத்து நின்றது. முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். விரலைப் பிரித்துப் பார்த்தாள், நகம் எல்லாம் இருந்தது. அழவில்லை.

“குளிருதும்மா இதுக்கு” என்றாள்.

“ஆமா கண்ணு.”

நர்ஸ் கேட்டபோது மகள் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். போர்வையை எடுத்து வைத்துக்கொள்வதா என்று கேட்டார்கள். அதோடேயே போகட்டும் என்றாள்.

குழந்தையை வைத்த பெட்டியை மருமகன்தான் சுமந்து போனான். திறக்கவில்லை. மண் தள்ளும் வரை நின்று, தள்ளி முடித்ததும் கைகழுவிவிட்டு நேராக வேலைக்குப் போனான்.

சில வாரம் கழித்துத் தலைமை நர்ஸ் ஆள் அனுப்பினார். அப்படி இன்னும் சிலது தைத்துத் தர முடியுமா, மாதத்துக்கு ஒன்றாவது தேவைப்படுகிறது என்று. டீச்சர்கூட, நான் கோடு போட்டுத் தருகிறேன், நீங்கள் தையுங்கள் என்றார். சீட்டக்கா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு முடியாது என்றாள். நல்ல காரியம்தான், தெரியும், ஆனால் அந்த அளவுத் துணியை மறுபடி கையில் விரிக்க என்னால் ஆகாது என்றாள். டீச்சர் தனியாகத் தைத்துக் கொடுத்தார். சீட்டக்கா சாண் சதுரத்துக்கே திரும்பினாள். அதையும் முன்போல நிறையத் தைக்கவில்லை.

மருமகனுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்து, இருவரும் வேறு ஊருக்குப் போனார்கள். மறுபடி குழந்தை தங்கவில்லை. மகள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து நான்கு நாள் இருப்பாள். வந்தால் தூங்குவாள். அம்மாவிடம் கோபம் என்று இல்லை, ஆனால் ஒட்டுதலும் இல்லை. ஒரு தடவை வந்திருந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

“பாக்காமலே இருந்திருக்கலாம்னு சில நாள் தோணுதும்மா. உன் பேச்சைக் கேட்டிருக்க வேணாம்னு தோணும்.”

பார்க்காமல் போன தன் முதல் குழந்தையின் கதையை அன்று சொன்னது மகளுக்காகவா, தனக்காகவா என்று சீட்டக்காவும் பல நாள் யோசித்திருக்கிறாள். விடை கிடைத்ததில்லை.

“இருக்கும்” என்றாள். “அப்படியும் இருக்கும்.”

“சில நாள் அப்படித் தோணுறது இல்ல.” மகள் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். “போன வாரம் சாப்பிடும்போது அவர் கேட்டார். இத்தனை வருஷம் கழிச்சு. அது யார் மாதிரி இருந்துச்சுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“எழுந்து போயிட்டேன். கோபம் இல்லம்மா. யோசிச்சுப் பாத்தா முகமே வரல. நகம் வருது, அந்த மஞ்சத் துணி வருது. முகம் போயிடுச்சு.” முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“சொல்லேன்.”

சீட்டக்கா மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நெத்தி மாப்பிள்ளையோடது. அகலமா, நடுவுல லேசா பள்ளம் விழுந்து. காது உன்னோடது, மடல் ஒட்டியிருந்துச்சு. வலது புருவம் மட்டும்தான் கொஞ்சம் தெரிஞ்சுது. இடது தெரியல. மூக்கு யாரோடதுன்னு எனக்குத் தெரியல கண்ணு. இல்லாததைச் சொல்லக் கூடாது.”

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் அப்படியே கிடந்தது.

“தலைமுடி?”

“இருந்துச்சு. ஈரமா, கறுப்பா. பின்பக்கம்தான் நிறைய.”

“அதை நான் பாக்கல.”

“நீ முகத்துப் பக்கம்தான் பாத்த. நர்ஸ் மேசையில தூக்கிச் சுத்தும்போது நான் பக்கத்துல நின்னேன்.”

மகள் தலையசைத்தாள். முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.